துவக்கிற்கு இட்ட நெய்: 1857 ஆம் ஆண்டுத் தோட்டாக்களும் அவற்றின் பரிசோதனைகளும்

உயர்தர வகுப்பு மாணாக்கர்க்கு இந்திய வரலாறு கற்பித்துக்கொண்டிருந்த ஒருநாள், 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி பாடமாக வந்தது. பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவிய தோட்டாக்களைக் கடிக்கச் சிப்பாய்கள் மறுத்தனர் என்று நூலிற் கண்டவாறே கூறிவிட்டு அப்பாற் செல்ல முனைந்தேன். அப்பொழுது பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, அக்கொழுப்பு உண்மையாகவே தோட்டாவில் இருந்ததா, அன்றி அது வெறும் வதந்தியா என்று வினவினான். அவன் அமருமுன் மற்றொருவன், துவக்கிற்குக் கொழுப்பு எதற்கு, தேங்காயெண்ணெய் ஆகாதா என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது, மணியும் அடித்தது. அன்று யான் கூறியது விடையன்று. தப்பிச் செல்லும் வழியேயாம். பின்னர் இதனை ஆராயப் புகுந்தபோது, அவ்விரு வினாக்களும் ஒரே வினாவின் இரு பாதிகள் என்பது புலனாயிற்று. அவ்விடையை ஈண்டு முறைப்படுத்திக் கூற முயல்கின்றேன்.

முதலில் எண்ணெயின் இயல்பை நோக்குவோம். வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும் நம்மவர் இல்லங்களிற் குத்துவிளக்கைச் சில நாள் துலக்காது விட்டால், எண்ணெய் தங்கிய இடத்திற் பச்சைக் களிம்பு படர்வதைக் காண்கின்றோம். அன்னையர் புளியிட்டுத் தேய்த்து அதனைப் போக்குவர். தாவர எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் காற்றும் ஈரமும் பட்டு நாளடைவிற் பாண்டலடைகின்றன. அப்பொழுது பிரியும் கொழுப்பமிலங்கள் செம்பையும் பித்தளையையும் அரிக்கின்றன. அக்களிம்பே அதற்குச் சான்று. இனி, கொழும்பின் வெப்பத்தில் நீராய் ஓடும் தேங்காயெண்ணெய் நுவரெலியாவின் குளிரிற் போத்தலுக்குள் வெண்ணெய்போல் உறைந்து நிற்பதையும் அறிவோம். ஏறக்குறைய 25 பாகை சென்டிகிரேட்டே அதன் எல்லை. ஆகவே ஓர் எண்ணெயைத் தெரிந்தெடுப்போன் இரண்டு வினாக்களையேனும் எழுப்புதல் வேண்டும். அது உலோகத்திற்குத் தீங்கு செய்யுமா? வெயிலிலும் குளிரிலும் தன் நிலையிற் பிறழாது நிற்குமா? இவற்றோடு மூன்றாம் வினா ஒன்றும் உண்டு. அது பின்னர் வரும்.

துவக்கிற்கு நெய் வேண்டப்பட்ட காரணம் யாது? அக்காலத்துக் கருமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவை. அது எரிந்தபின் அதன் நிறையிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு திண்மமான கழிவாக எஞ்சும். பழைய துவக்குகளின் குழாய் உட்புறம் வழுவழுப்பானது. சன்னம் அதனுள் தளர்வாகவே இறங்கும். கழிவு படிந்தாலும் இடர் பெரிதன்று. 1853 ஆம் ஆண்டு மாதிரியான என்பீல்ட் துவக்கோ வேறு வகையது. அதன் குழாயினுள்ளே திருகு வரிகள் வெட்டப்பட்டிருந்தன. அவ்வரிகளைப் பற்றிச் சுழன்று செல்வதாலேயே சன்னம் நெடுந்தொலைவு குறிதவறாது பாய்ந்தது. அத்தகைய குழாயின் வாய்வழியாகச் சன்னத்தைச் செலுத்தும்போது, சில வெடிகளுக்குப்பின் கழிவு இறுகிக் கோல்கொண்டு இடித்தாலும் இறங்காது போகும். ஆதலின் நெய்ப்பூச்சு இன்றியமையாததாயிற்று.

அதற்குரிய தோட்டா கடதாசியாற் சுற்றப்பட்டது. ஒரு முனையில் மருந்தும் மறுமுனையிற் சன்னமும் இருந்தன. சன்னம் இருந்த முனையின் கடதாசிமேல் நெய் பூசப்பட்டது. போர்வீரன் மருந்து முனையைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழாயிற் கொட்டி, தோட்டாவைத் தலைகீழாக்கி, நெய் பூசிய கடதாசியோடு சன்னத்தை உட்செலுத்துவான். கடிக்கும் முனையும் நெய் பூசிய முனையும் வெவ்வேறு என்பது உண்மையே. எனினும் கையாற் பற்றி வாயருகே கொண்டுசெல்லும் சிறு பொருளில், கோடை வெயிலில் உருகும் நெய் ஒரு முனையிலேயே நிற்கும் என்று எவர் உறுதி கூறவல்லார்?

இனிப் பரிசோதனைக்கு வருவோம். நெய்யைச் சோதியாது அனுப்பினர் என்று ஆங்கிலேயரைக் குற்றங்கூறுவது பொருந்தாது. 1853 ஆம் ஆண்டிலேயே நெய் பூசிய தோட்டாக்கள் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குச் சோதனைக்காக அனுப்பப்பட்டன. கல்கத்தாவின் வில்லியம் கோட்டையிலும், கான்பூரிலும், இரங்கூனிலும் அவற்றைக் காவற்பணியில் நின்ற சிப்பாய்கள் தம் பைகளிற் சுமந்தனர். வெப்பமும் மழையும் நெய்யை எங்ஙனம் மாற்றுகின்றன என்பதே அறிய விரும்பியது. மாதங்கள் பல கழிந்தபின், 1855 ஆம் ஆண்டில், அத்தோட்டாக்கள் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. காலநிலையின் தாக்கம் ஆராயப்பட்டது. சிப்பாய்களும் முறையீடு யாதும் செய்யவில்லை. சோதனை இனிது நிறைவேறியதாகவே தோன்றியது.

ஆயினும் அதன் தொடக்கத்திலேயே ஒருவர் மூன்றாம் வினாவை எழுப்பியிருந்தார். வங்காளப் படையின் உயர்நிலை அதிகாரியாயிருந்த கேணல் டக்கர் என்பவர், 1853 டிசம்பரில், இராணுவச் சபைக்கு எழுதிய கடிதத்தில், இந்நெய் சாதி ஆசாரத்திற்கு மாறானதன்று என்பது தெரியவந்தாலன்றி, இத்தோட்டாக்களைச் சோதனைக்காகக்கூடச் சுதேசப் படைகளிடம் கொடாது ஐரோப்பியரிடமே கொடுத்தல் நன்று என்று அறிவுறுத்தினார். இஃதோர் எளிய குறிப்பு. எனினும் பயன் தரவில்லை. நெய் எதனால் ஆயது என்பதைச் சுமந்தவர் அறியார். அவர்களிடம் எவரும் கூறவுமில்லை. அறியாதார் வாளாவிருந்தமை அவர்தம் உடன்பாடாகக் கொள்ளப்பட்டது. அச்சோதனையின் அடிப்படைக் குறை இதுவே.

இப்பாடம் ஆங்கிலேயர்க்குப் புதியதுமன்று. தமிழ்நாட்டின் வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 ஆம் நாள் சென்னைப் படையின் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தமைக்குரிய காரணங்களுள், தோலால் ஆய அணியோடு கூடிய புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறி அணிதலைத் தடுத்த ஆணையும் அடங்கும். அதன் பயனாகச் சென்னைக் கவர்னராயிருந்த வில்லியம் பென்டிங் திருப்பி அழைக்கப்பட்டார். தலையில் வைக்கும் தோலே அத்துணை இடர் விளைத்ததாயின், வாயருகே செல்லும் நெய்யைப் பற்றி ஐம்பது ஆண்டு கழித்து ஆராயாமை வியப்பிற்குரியது.

1856 ஆம் ஆண்டில் வில்லியம் கோட்டைப் படைக்கலச் சாலையில் இத்தோட்டாக்களைச் செய்யத் தொடங்கினர். டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று இடங்களிற் புதிய துவக்கிற்குப் பயிற்சி தொடங்கிற்று. 1857 ஜனவரியில், டம்டத்திலே தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்த தொழிலாளி ஒருவன் பிராமணச் சிப்பாயிடம் அவனது செம்பிலே தண்ணீர் கேட்டான் என்றும், சிப்பாய் மறுக்கவே, பசுக்கொழுப்பையும் பன்றிக்கொழுப்பையும் கடிக்கப்போகும் உனக்குக் குலமேது என்று அவன் நகைத்தான் என்றும் கூறப்படுகின்றது. ரைட் என்னும் படை அதிகாரி ஜனவரி 22 ஆம் நாள் இவ்வச்சத்தை மேலிடத்திற்கு அறிவித்தார்.

இப்பொழுது முதல் மாணவனின் வினாவுக்கு விடை கூறலாம். படைக்கலச் சாலையில் விசாரித்தபோது, கொழுப்பு எவ்விலங்கினுடையது என்பதைக் கவனிக்கத் தனி முன்னெச்சரிக்கை யாதும் எடுக்கப்படவில்லை என்பது தெரியவந்தது. ஆகவே சிப்பாய்களின் ஐயம் ஆதாரமற்றதன்று. அதேவேளை, நெய் பூசிய அத்தோட்டாக்கள் வங்காளப் படையெங்கும் வழங்கப்பட்டுவிடவுமில்லை. அரசாங்கம் விரைந்து இணங்கியது. பரக்பூரிற் படைத்தலைவராயிருந்த ஜெனரல் ஹியர்சி, சிப்பாய்களே கடையில் வேண்டியதை வாங்கிப் பூசிக்கொள்ளட்டும் என்று பரிந்துரைத்தார். ஜனவரி முடியுமுன்னரே, தோட்டாக்களை நெய் பூசாது வழங்கவும், சிப்பாய்கள் தாம் விரும்பிய நெய்யைத் தாமே பூசவும் ஆணை பிறந்தது.

ஆயினும் ஐயம் கடதாசிமேற் பாய்ந்தது. புதிய கடதாசி பளபளப்பாயிருந்தது. பெப்ரவரியிற் பரக்பூரில் நடந்த விசாரணையிற் சிப்பாய்கள் தாம் செய்த சோதனையையே சான்றாகக் கூறினர்: கடதாசியை நீரில் நனைத்து நெருப்பிலிட்டபோது அது சீறி எரிந்ததாகவும், கொழுப்பு நாற்றம் வீசியதாகவும் உரைத்தனர். அரசாங்கத்தின் இரசாயனப் பரிசோதகரோ அதிற் கொழுப்பில்லை என்று அறிக்கை தந்தார். அவர் கூறியது உண்மையே. ஆனால் நம்புவார் இல்லை. முன்பு கேளாதிருந்தவர் கூற்றைப் பின்பு நம்புவது எங்ஙனம்? மார்ச்சிற் கடிப்பதை விடுத்துக் கையாற் கிழிக்கலாம் என்று பயிற்சியை மாற்றினர். இத்தனை இணக்கங்களும், மறைப்பதற்கு ஏதோ உண்டு என்பதற்கே அறிகுறியாகக் கொள்ளப்பட்டன.

பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. பெப்ரவரி 26 ஆம் நாள் பெர்ஹாம்பூரில் 19 ஆம் படைப்பிரிவு தோட்டாக்களை ஏற்க மறுத்தது. மார்ச் 31 ஆம் நாள் அது கலைக்கப்பட்டது. மார்ச் 29 ஆம் நாள் பரக்பூரில் மங்கள் பாண்டே துவக்கேந்தினார். ஏப்ரல் 8 ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். ஏப்ரல் 24 ஆம் நாள் மீரத்திற் குதிரைப்படையினர் 90 பேருக்குத் தோட்டா நீட்டப்பட்டபோது 85 பேர் மறுத்தனர். அவை நெடுநாள் வழக்கிலிருந்த பழைய தோட்டாக்களே என்பது நினைவுகூரத்தக்கது. மே 9 ஆம் நாள் அவர்கட்கு விலங்கு பூட்டினர். மறுநாள் மீரத் எரிந்தது. செய்தி இலங்கையை எட்டியதும், அன்று தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வாட், இத்தீவிலிருந்த ஐரோப்பியப் படையினரைக் காலந்தாழ்த்தாது கல்கத்தாவுக்கு அனுப்பினார்.

நெய்யொன்றே இத்தனைக்கும் காரணம் என்பார் வரலாற்றை எளிதாக்குவோராவர். 1856 ஆம் ஆண்டில் அயோத்தி நாடு கைப்பற்றப்பட்டமை, கடல்கடந்து பணிசெய்யப் புதுச் சிப்பாய்களைக் கட்டாயப்படுத்திய அவ்வாண்டுச் சட்டம், ஊதியக் குறை, நிலவுரிமை இழப்பு ஆகியன முன்னரே உலர்ந்த விறகாய்க் குவிந்திருந்தன. ஆயினும் நெய்யைப் பற்றிய அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குதலும் பிழையே. உண்ணும் பொருளும் வாயிற் படும் பொருளும் ஒருவன் குலத்தோடும் குடும்பத்தோடும் கொண்ட உறவைத் தீர்மானித்த காலம் அது. அவற்றை இழந்தவன் தன் ஊருக்கே அயலானாவான். சாதி வேற்றுமையை யாம் இன்று ஏற்கவேண்டுவதில்லை. அவன் இழக்க அஞ்சியது யாது என்பதை மட்டும் உணர்ந்தாற் போதும்.

இனி இரண்டாம் மாணவனின் வினா. தேங்காயெண்ணெய் தனித்து நில்லாது, வெப்பத்தில் ஓடிவிடும். ஆனால் தேன்மெழுகு 62 பாகைக்கு மேலேயே உருகும். தேன்மெழுகை எண்ணெயோடு உருக்கிச் சேர்த்தாற் களிம்புபோல் நிற்கும் என்பதை நம் நாட்டு வைத்தியர் யாவரும் அறிவர். விலங்குக் கொழுப்போ 40 பாகையை ஒட்டியே இளகிவிடும். வடஇந்தியக் கோடைக்கு அதுவே தகுதியற்றது. பிற்காலத்தில் ஆங்கிலேயரே கொழுப்பின் பங்கைக் குறைத்துத் தேன்மெழுகின் பங்கை உயர்த்தினர். ஆகவே ஆசாரத்திற்கு இசைந்ததே காலநிலைக்கும் இசைந்ததாயிருந்தது. கடையில் மெழுகும் எண்ணெயும் அன்றும் கிடைத்தன. கேட்டிருப்பின் விடை கிடைத்திருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரித்தானியப் படையினர் துவக்குகளைத் துடைத்துக் காக்க ‘இரங்கூன் எண்ணெய்’ என்னும் கனிய எண்ணெயைப் பயன்படுத்தினர். பர்மாவின் யெனாங்யாங் பகுதியில், பரம்பரை உரிமை பெற்ற குடும்பத்தினர் கையாற் கிணறு தோண்டி எடுத்துவந்த மண்ணெண்ணெய்ச் செல்வத்தின் வழித்தோன்றலே அப்பெயர். 1886 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பர்மா ஒயில் கம்பெனி அவ்வாணிகத்தைப் பெருக்கிற்று. கனிய எண்ணெயிற் கொழுப்பமிலம் இல்லை, அது பாண்டலடையாது, எவ்வுயிரின் உடலிலிருந்தும் வாராதது. பின்வந்த லீ-என்பீல்ட் துவக்கின் அடிக்கட்டையினுள்ளே சிறிய பித்தளை எண்ணெய்க் குப்பி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. ஆயினும் எண்ணெய்க்கும் எல்லையுண்டு. வெடித்தபின் குழாயில் எஞ்சும் உப்பு எண்ணெயிற் கரையாது. ஈரத்தை ஈர்த்துத் துருவை வளர்க்கும். எனவே முதலிற் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பின்னரே எண்ணெய் இட்டனர். கழுவாத குழாயில் எண்ணெய் பூசுதல் துருவை மூடிவைப்பதாகும்.

இக்கடைசிச் செய்தி துவக்கிற்கு மட்டும் உரியதன்று. 1857 ஆம் ஆண்டில் அரசாங்கம் செய்ததும் அதுவே: ஐயத்தைக் கழுவாது அதன்மேல் ஆணைகளைப் பூசியது. டக்கரின் கடிதம் எழுதப்பட்ட 1853 ஆம் ஆண்டில் ஒரு வினாவும் ஒரு மெழுகுருண்டையும் போதுமாயிருந்தன. 1857 ஆம் ஆண்டிலோ இரசாயனப் பரிசோதகரின் உண்மையுங்கூடப் பயன்படவில்லை. ஒரு பொருளைச் சோதிப்போர் அதன் உருகுநிலையை அறிதல் வேண்டும். அதனைக் கையாளப்போகும் மனிதனிடம், இது இன்னதால் ஆயது, உனக்கு உடன்பாடா என்று முன்கூட்டியே கேட்டலும் வேண்டும். அவ்வினா விடுபட்ட சோதனை முற்றுப்பெற்ற சோதனை ஆகாது.

என் மாணாக்கர் இருவரும் இன்று கல்லூரியை விட்டு நீங்கிவிட்டனர். மணி அடித்தமையால் அன்று சொல்லாது விட்ட விடை இது. இம்மலர் அவர்கள் கைக்கு எட்டுமாயின், வகுப்புச் சிரித்த வினாவே நல்வினாவாயிருந்தது என்பதை அவர்கள் அறிவார்களாக.