நாற்காலிக்கு நூறு வயது

சென்னைக் கோட்டையில் சபாநாயகர் உட்காரும் நாற்காலி 1922 மார்ச்சில் வந்தது. அன்றைய ஆளுநர் வில்லிங்டன் பிரபுவும் அவர் மனைவியும் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தந்த அன்பளிப்பு. அப்போது அவையை நடத்தியவர் சர் பி. ராஜகோபாலாச்சாரி. (இவர் வேறு, ராஜாஜி வேறு. இளைய நிருபர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.) அவரைத் தேர்ந்தெடுத்தது உறுப்பினர்கள் இல்லை, ஆளுநர் நியமித்தார். 1919 சட்டப்படி முதல் நான்கு ஆண்டுகளுக்கு அப்படித்தான். அதன் பிறகே அவை தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்று வந்தது.

பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து அந்த நாற்காலியைப் பல வருஷங்கள் பார்த்தவன் நான். முதலமைச்சர் என்ன சொன்னார், எதிர்க்கட்சித் தலைவர் என்ன சொன்னார் என்று எழுதியே பக்கம் நிரம்பிவிடும். நாற்காலிக்காரர் செய்திக்கு வருவது வெளிநடப்பு, வெளியேற்றம், ‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கம்’ என்ற மூன்று சமயங்களில் மட்டும். ஆனால் பழைய கதைகளைத் துருவினால், தமிழ்நாட்டு அரசியலின் பெரிய திருப்பங்கள் பலவற்றில் அவர் கை இருக்கும்.

முதல் கதை ஜெ. சிவசண்முகம் பிள்ளையுடையது. 1937-இல் சென்னை மேயரானவர். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதர். 1946 முதல் 1955 வரை சபாநாயகர். 1952 தேர்தலுக்குப் பின் உறுப்பினர் எண்ணிக்கை 375 ஆகிவிட, கோட்டை மண்டபம் போதாமல் அரசினர் தோட்டத்தில் புது மண்டபம் கட்டி அவை அங்கே போனது. அந்த மண்டபத்தில்தான் 1953 ஜூலையில், எதிர்த்தவர்கள் குலக்கல்வி என்று பெயரிட்ட ராஜாஜியின் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. கைவிட வேண்டும் என்று 138 பேர், கூடாது என்று 138 பேர். சமமானதால் தீர்மானம் விழுந்தது. திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழுவிடம் விட வேண்டும் என்ற இன்னொரு தீர்மானம் 139-க்கு 137 என்று நிறைவேறியது. மாகாணமே கொதித்துக்கொண்டிருந்த விஷயத்தில், இத்தனை நெருக்கமான எண்களை வைத்துக்கொண்டு ஓர் அவையை உடையாமல் நடத்துவது சின்ன வேலை இல்லை. சிவசண்முகம் பிள்ளை பிறகு மத்தியப் பணியாளர் தேர்வாணைய உறுப்பினராகப் போனார். மந்திரி பதவிக்காக நாற்காலியை விட்டு இறங்கவில்லை. அதனாலேயே எனக்கு அவர் மேல் ஒரு தனி மரியாதை.

1967-இல் வந்த சி.பா. ஆதித்தனார், ஒரு திருக்குறளோடு அவையைத் தொடங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் அந்த ஆண்டு ஜூலை 18-இல் நிறைவேறியபோது தலைமை வகித்தவரும் அவரே. அடுத்து அவர் அமைச்சர். நாற்காலியிலிருந்து மந்திரி வரிசைக்கு, மந்திரி வரிசையிலிருந்து நாற்காலிக்கு என்ற போக்குவரத்து அந்தக் காலத்திலேயே சகஜமாகிவிட்டது.

எதிர்த்திசையில் வந்தவர் கே.ஏ. மதியழகன். தி.மு.க.வைத் தொடங்கிய ஐம்பெரும் தலைவர்களில் ஒருவர், அண்ணாவின் அமைச்சரவையில் இருந்தவர். 1971-இல் அவரைச் சபாநாயகராக்கினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். நவம்பர் 13 அன்று அவை கூடியபோது மதியழகன் எம்.ஜி.ஆர். பக்கம் சாய்ந்து, ஆட்சி மறுபடி மக்களிடம் போகட்டும் என்ற பொருளில் பேசி, டிசம்பர் 5-க்கு அவையை ஒத்திவைத்துவிட்டுப் போனார். ஆளுங்கட்சி விடுமா? ஆளுநர் கே.கே. ஷா மூலம் கூட்டத்தொடரை முடித்து, டிசம்பர் 2-க்கே புதிதாகக் கூட்டியது. சபாநாயகரை நீக்கும் தீர்மானமும் தயார்.

அரசியல் சாசனம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். அந்தத் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படும்போது சபாநாயகர் தலைமை வகிக்கக் கூடாது. மதியழகன் எழுந்திருக்கவில்லை. துணைச் சபாநாயகர் பி. சீனிவாசனுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டார்கள். ஒரே மண்டபம், ஒரே நேரம், இரண்டு அவைகள். மதியழகன் அனுமதித்த எம்.ஜி.ஆர். ஒரு பக்கம் பேசுகிறார். சீனிவாசன் தலைமையில் நீக்கத் தீர்மானம் இன்னொரு பக்கம் நடக்கிறது. சட்டமன்றம் செத்துவிட்டது என்று சொல்லி எம்.ஜி.ஆர். வெளியேறினார். மதியழகன் பதவி போனது. மறு ஆண்டு புலவர் கா. கோவிந்தன் வரும்வரை சீனிவாசன்தான் அவையை நடத்தினார். மதியழகனைத் துரோகி என்றவர்களும் உண்டு, வீரர் என்றவர்களும் உண்டு. நடுநிலையாளர் என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்த பிறகு நாற்காலிக்கு இன்னொரு முகம் வந்தது. பி.எச். பாண்டியன் வழக்கறிஞர், சட்டம் தெரிந்தவர். சபாநாயகருக்கு இருப்பது ‘வானளாவிய அதிகாரம்’ என்ற சொல்லை ஊருக்கெல்லாம் பழக்கியவர். சாசன நகலை எரித்த போராட்டத்துக்காக 1986 டிசம்பரில் க. அன்பழகன் உட்பட தி.மு.க. உறுப்பினர்கள் பத்துப் பேர் பதவி இழந்தது இவர் காலத்தில். மறு ஆண்டு ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்து ஒரு சிரிப்பு வந்தது. ஜேப்படிக்காரன், கொள்ளைக்காரன் வகை ஜோக். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். ஏப்ரல் 4 அன்று அவை அவருக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நாடெங்கும் பத்திரிகைகள் கொதித்தெழ, ஓரிரு நாளில் விடுவித்தார்கள். அவர் விடவில்லை, உயர் நீதிமன்றம் போய் அடையாள இழப்பீடாக 1000 ரூபாய் வாங்கினார்.

சட்டமன்ற உரிமைகள் எவையெவை என்று வரையறுத்துச் சட்டம் செய்துகொள்ளலாம் என்று சாசனத்தின் 194-ஆவது பிரிவு சொல்கிறது. செய்துகொள்ளவில்லை. எழுதப்படாத அதிகாரத்துக்கு எல்லை கிடையாதே, எதற்கு எழுதுவார்கள்? 1992-இல் முரசொலி செல்வத்தை அவைக்குள் கூண்டில் நிறுத்தியதும், 2003 நவம்பரில் இந்து நாளிதழ்க்காரர்களுக்கு 15 நாள் சிறை என்று தீர்மானித்ததும் அந்த இடைவெளியில் முளைத்தவைதான். இரண்டாவதற்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

1985-இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்ததும் நாற்காலியின் எடை இரட்டிப்பானது. யார் எம்.எல்.ஏ., யார் இல்லை என்று தீர்ப்புச் சொல்வது சபாநாயகர் வேலையாயிற்று. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி 122-க்கு 11 என்று நம்பிக்கை வாக்கு வென்ற நாளில் சபாநாயகர் ப. தனபாலின் சட்டை கிழிந்தது. செப்டம்பரில் அவர் 18 உறுப்பினர்களைத் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரு விதமாகச் சொல்ல, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் அதை உறுதி செய்தார். ஓராண்டுக்கு மேல் 18 தொகுதிகளுக்கு உறுப்பினர் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் ரேஷன் கடைக்கும் சாலைக்கும் யாரிடம் மனு கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்சி சீட்டுக் கொடுத்து, கட்சி நாற்காலி கொடுத்து, அடுத்த தேர்தலிலும் கட்சிதான் சீட்டுக் கொடுக்க வேண்டும் என்றால் எந்த மனிதர் நடுவில் நிற்பார்? பிரிட்டனில் சபாநாயகரானவர் கட்சியை விட்டு விலகிவிடுகிறார். இங்கும் நீலம் சஞ்சீவ ரெட்டி 1967-இல் மக்களவைத் தலைவரானதும் காங்கிரசிலிருந்து விலகிக் காட்டினார். அப்படி விலகுகிறவருக்குப் பதவி போகாது என்று அதே கட்சித்தாவல் தடைச் சட்டத்திலேயே விலக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். பத்தாவது அட்டவணை, ஐந்தாவது பத்தி. எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் அந்தப் பத்தியை இதுவரை எந்தச் சபாநாயகரும் பயன்படுத்தவில்லை.