தந்திக் கம்பியிலிருந்து வானலை வரை: தீ எச்சரிக்கைப் பெட்டியின் வரலாறு

மருத்துவமனைகளிலும் திரையரங்குகளிலும் அடுக்குமாடிக் கட்டடங்களிலும் படிக்கட்டு வாசலை ஒட்டிச் சுவரில் பொருத்தப்பட்டிருக்கும் சிறிய சிவப்புப் பெட்டி, தீயைக் கண்ட ஒருவர் தம் கையால் அழுத்தி அபாய ஒலியை எழுப்புவதற்காக வைக்கப்பட்டதாகும். தொழில் வட்டாரத்தில் 'மேனுவல் கால் பாயிண்ட்' என வழங்கும் இக்கருவி, புகையையோ வெப்பத்தையோ தானே உணரும் கருவிகளிலிருந்து வேறுபட்டது. மனிதக் கண் கண்டதை மனிதக் கை அறிவிப்பதற்கான வழி மட்டுமே அது. ஆண்டுக்கணக்கில் எவரும் தொடாமல் இருந்துவிட்டு, ஒரே ஒருமுறை தொடப்படும்போது தவறாமல் இயங்கியாக வேண்டும் என்பதே இக்கருவியின் தனித்தன்மை. ஆகவே இதன் வரலாறு, செய்தியை அனுப்பும் நுட்பத்தின் வரலாறாக இருப்பதைவிட, அந்த நுட்பம் உயிரோடு இருக்கிறதா என்பதை இடைவிடாமல் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தின் வரலாறாகவே இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்க நகரங்களில் தீ பற்றிய செய்தி, கோபுரக் காவலர்களின் கண்களையும் தேவாலய மணிகளையுமே நம்பியிருந்தது. மணியோசை தீ மூண்டதை ஊருக்குத் தெரிவித்ததே தவிர, எந்தத் தெருவில் மூண்டது என்பதைத் திட்டமாகத் தெரிவிக்க அதனால் இயலவில்லை. இக்குறையை நீக்க, பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவர் வில்லியம் சானிங், அப்போது புதிதாக வந்திருந்த தந்தியைத் தீ அறிவிப்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1845-இல் எழுதினார். மின்பொறியாளரான மோசஸ் ஃபார்மர் அவருடன் சேர்ந்து அக்கருத்துக்கு உருவம் கொடுத்தார். 1851-இல் பாஸ்டன் நகர நிர்வாகம் அதற்கென 10,000 டாலர் ஒதுக்கியது. உலகின் முதல் நகரளாவிய தீ எச்சரிக்கைத் தந்தி அமைப்புகளுள் ஒன்றான அது 1852 ஏப்ரல் 28 அன்று செயல்படத் தொடங்கியது. மறுநாளே கூப்பர் தெருத் தேவாலயத்தில் இருந்த பெட்டியிலிருந்து முதல் எச்சரிக்கை வந்தது.

அந்தத் தொடக்ககாலப் பெட்டிகளில், அறிவிப்பவர் ஒரு கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, பெட்டியின் எண் மின்துடிப்புகளாக மைய அலுவலகத்துக்குச் சென்றது. தீயைக் கண்ட பதற்றத்தில் ஒருவர் கைப்பிடியை வேகமாகச் சுற்றினால் துடிப்புகள் குழம்பின. எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதைப் பொதுமக்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. நிதானமான கையை எதிர்பார்க்கும் எச்சரிக்கைக் கருவி, நிதானம் இழந்த வேளையில் பயன்படாது என்ற உண்மை அப்போதே புலனாயிற்று.

இந்தக் குறை களையப்பட்டதும், கண்டுபிடிப்பு பெருந்தொழிலாக வளர்ந்ததும் தெற்குக் கரோலினாவைச் சேர்ந்த ஜான் கேம்வெல் என்பவரின் பெயரோடு பின்னிப் பிணைந்தவை. அஞ்சல் நிலைய அதிகாரியாக இருந்த அவர், 1855-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் சானிங் ஆற்றிய உரையைக் கேட்டு, 1859-க்குள் அந்தத் தந்தி அமைப்பின் காப்புரிமைகளை முழுமையாக விலைக்கு வாங்கினார். பின்னர் 1879-இல் உருவான கேம்வெல் நிறுவனத்தின் பெட்டிகள் அமெரிக்க நகரங்கள் பலவற்றின் தெருமுனைகளில் நின்றன. அப்பெட்டிக்குள் சுருள்வில்லால் இயங்கும் ஒரு கடிகாரப் பொறியும், விளிம்பில் பற்கள் வெட்டப்பட்ட ஒரு பித்தளைச் சக்கரமும் இருந்தன. கொக்கியை ஒருமுறை கீழே இழுத்து விட்டால் போதும். சுருள்வில் தன் சீரான வேகத்தில் சக்கரத்தைச் சுழற்ற, ஒவ்வொரு பல்லும் மின்சுற்றை ஒருமுறை துண்டித்து இணைத்தது. 52-ஆம் எண் பெட்டியானால் ஐந்து துடிப்பு, சிறு இடைவெளி, பிறகு இரண்டு துடிப்பு என்று அதே எண் பலமுறை திரும்பத் திரும்ப ஒலித்தது. இழுப்பவரின் கை நடுங்கினாலும் செய்தி நடுங்கவில்லை.

இந்த அமைப்பின் மிக நுட்பமான சிறப்பு, கம்பியில் எப்போதும் மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தது என்பதாகும். தேவைப்படும்போது மட்டும் மின்சாரத்தைச் செலுத்தும் சுற்றாக இருந்திருந்தால், கம்பி அறுந்த செய்தி தீப்பிடிக்கும் நாளன்றுதான் தெரிய வந்திருக்கும். ஓட்டம் நின்றுபோவதே அறிகுறி என்று அமைத்ததால், புயலில் கம்பி அறுந்தாலும், வேலையாட்கள் தவறுதலாக அதை வெட்டினாலும், மைய அலுவலகத்துக்கு அக்கணமே தெரிந்தது. கருவி பழுதடைந்ததைக் கருவியே சொல்ல வேண்டும் என்ற இக்கொள்கை, இன்றைய தீ எச்சரிக்கை விதிமுறைகள் அனைத்துக்கும் அடித்தளமாக உள்ளது.

ஆயினும் கருவி எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், அதைச் சூழ்ந்த மனித ஏற்பாடுகள் தவறினால் பயனில்லை என்பதை அடுத்தடுத்த இரு பேரழிவுகள் காட்டின. 1871 அக்டோபர் 8 இரவு சிகாகோவில் தீ மூண்டபோது, நீதிமன்றக் கோபுரத்தில் இருந்த காவலர் இடத்தைத் தவறாகக் கணித்து, ஏறத்தாழ ஒரு மைல் தள்ளியிருந்த 342-ஆம் பெட்டியின் எண்ணை அறிவிக்கச் செய்தார். பிழையை உணர்ந்து திருத்த முயன்றபோது, எண்ணை மாற்றினால் குழப்பம் மிகும் என்று தந்திப் பணியாளர் மறுத்துவிட்டார். மறு ஆண்டு நவம்பர் 9 அன்று பாஸ்டனில் மூண்ட தீ 65 ஏக்கர் பரப்பையும் 776 கட்டடங்களையும் அழித்தது. பொய் எச்சரிக்கைகளுக்கு அஞ்சி அந்நகரத்துப் பெட்டிகள் பூட்டப்பட்டிருந்தன; சாவி காவலர்களிடமும் குறிப்பிட்ட சிலரிடமும் மட்டுமே இருந்ததால், பலர் தீயைக் கண்ட பிறகும் அப்பகுதியிலிருந்த 52-ஆம் பெட்டி திறக்கப்படத் தாமதமாயிற்று. இதன் பின்னர் பூட்டில்லாத கதவுகள் பரவலாயின. கதவின் பிடியைத் திருப்பியதுமே பெட்டியில் உள்ள மணி உரக்க ஒலித்துச் சுற்றியிருப்போரை அழைக்கும்படி அவை அமைக்கப்பட்டதால், விஷமிகள் அஞ்சினர், உண்மையாக உதவி தேடியவருக்கோ தடை இல்லாமற்போனது.

தெருமுனைப் பெட்டி கட்டடத்துக்குள் நுழைந்தபோது, எங்கே வைப்பது, எந்த உயரத்தில் வைப்பது, யாருக்குச் செய்தி போவது என்ற கேள்விகள் எழுந்தன. அவற்றுக்கு விடை காணத் தவறியதன் விலையை 1958 டிசம்பர் 1 அன்று சிகாகோவின் அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் பள்ளி செலுத்தியது. அங்கு எழுந்த தீயில் 92 குழந்தைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் உயிரிழந்தனர். அப்பள்ளியில் மணியை எழுப்பும் விசைகள் இரண்டே இருந்தன. அவற்றின்மேல் எந்த அடையாளமும் இல்லை. மணி ஒலித்தாலும் அது பள்ளிக்குள் மட்டுமே கேட்குமே தவிர, தீயணைப்புத் துறைக்கு எந்த இணைப்பும் கிடையாது. இருப்பவற்றுள் மிக அருகிலிருந்த தெருப் பெட்டிகூடச் சற்றுத் தொலைவிலேயே இருந்தது. இந்தத் துயரத்துக்குப் பிறகு அமெரிக்கப் பள்ளிகளின் தீப்பாதுகாப்பு விதிகள் பரவலாகத் திருத்தப்பட்டன.

ஐரோப்பாவில் கண்ணாடியை உடைத்து அழுத்தும் வகைப் பெட்டி வேரூன்றியது. கண்ணாடியை உடைக்க ஒருவர் துணிய வேண்டும் என்பதால் வீண் அழைப்பு குறைந்தது. உடைந்த கண்ணாடி, எந்தப் பெட்டி இயக்கப்பட்டது என்பதற்குச் சாட்சியாகவும் நின்றது. காயம் ஏற்படாதிருக்கவும் சோதனை எளிதாகவும், இன்று பெரும்பாலான பெட்டிகளில் அழுத்தினால் உள்வாங்கி, சாவியால் பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய பிளாஸ்டிக் தகடு இடம்பெறுகிறது. ஐரோப்பியத் தரநிலையான இஎன் 54-இன் 11-ஆம் பகுதி இப்பெட்டிகளுக்கான இலக்கணத்தை வகுக்கிறது. தரையிலிருந்து சுமார் 1.4 மீட்டர் உயரத்தில், வெளியேறும் வழியை ஒட்டி, பொதுவாக எவரும் 45 மீட்டருக்கு மேல் நடக்கத் தேவையில்லாதபடி அவற்றைப் பொருத்த வேண்டும் என்று பிரிட்டனின் பிஎஸ் 5839 விதித்தொகுப்பு பரிந்துரைக்கிறது.

கம்பியில்லாப் பெட்டி இவ்வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயமாகும். பழைய தேவாலயங்கள், மாளிகைகள், நோயாளிகள் நிறைந்த மருத்துவமனைக் கூடங்கள் போன்ற இடங்களில் சுவரைக் குடைந்து கம்பி இழுப்பது சேதத்தையும் இடையூறையும் விளைவிக்கும் என்பதால், பெட்டிக்கும் பேனல் எனப்படும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் இடையே வானலையே இணைப்பாயிற்று. ஐரோப்பாவில் இதற்குப் பெரும்பாலும் 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை பயன்படுகிறது. கம்பி போனதோடு, அதில் இடைவிடாது ஓடி நலம் சொன்ன மின்னோட்டமும் போயிற்று. அதன் இடத்தை நிரப்பவே, 2008-இல் வெளியான இஎன் 54-இன் 25-ஆம் பகுதி, ஒவ்வொரு கருவியும் குறித்த இடைவெளிகளில் தன் இருப்பைத் தெரிவிக்க வேண்டும் என்றும், தொடர்பு அறுந்தால் 300 விநாடிக்குள் அது கண்டறியப்பட வேண்டும் என்றும், பேட்டரி குறைந்தது 36 மாதம் உழைக்க வேண்டும் என்றும் விதித்தது.

பொருத்தும் முறையும் இதே அக்கறையைக் காட்டுகிறது. முதலில், பெட்டி அமையவிருக்கும் இடத்தில் அலைவலிமை அளக்கப்படுகிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டும், மின்தூக்கித் தண்டும், இரும்பு அலமாரிகளும் அலையை மட்டுப்படுத்தும் என்பதால், கதவுகள் அனைத்தும் மூடிய நிலையிலும் அளப்பது நல்லது. பிறகு பேட்டரி இடப்பட்டு, பேனலில் பெட்டிக்கு ஒரு முகவரி எண் பதிவு செய்யப்படுகிறது. சோதனையின்போது, முன்னதாகக் கட்டடத்தில் இருப்போருக்கும் கண்காணிப்பு நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிட்டு, பெட்டியின் அடிப்புறத் துளையில் சோதனைச் சாவியைச் செருகினால் தகடு சரிந்து பெட்டி இயங்குகிறது. ஹூட்டர்கள் ஒலிப்பதோடு, பேனலின் திரையில் அந்தப் பெட்டியின் சரியான இடப்பெயர் தோன்றுகிறதா என்பதையும் பார்த்த பிறகே தகட்டைத் திருப்பி, பேனலைச் சீராக்கி, நாள் நேரத்துடன் பதிவேட்டில் எழுத வேண்டும். வாரம் ஒரு பெட்டி என, ஒவ்வொரு வாரமும் வேறொன்றைத் தேர்ந்து, முறை வைத்து எல்லாப் பெட்டிகளையும் இயக்கிப் பார்ப்பது பிரிட்டனில் நிலைபெற்ற வழக்கம்.

கைப்பேசிக் காலத்திலும் இப்பெட்டி வழக்கொழியவில்லை. நியூயார்க் நகரம் தன் தெருப் பெட்டிகளை அகற்ற முனைந்தபோது, தொலைபேசியில் பேச இயலாத செவித்திறன் குறைந்தோரின் உரிமையைக் காத்து 1996-இல் நீதிமன்றம் குறுக்கிட்டது. 2024 ஜூன் 18 அன்று மாசசூசெட்ஸ் மாநிலமெங்கும் 911 அவசர அழைப்பு முடங்கியபோது, தெருவிலுள்ள சிவப்புப் பெட்டிகளைப் பயன்படுத்துமாறு பாஸ்டன் அதிகாரிகள் மக்களுக்கு அறிவித்தனர். அதற்கு 172 ஆண்டுகளுக்கு முன் அந்நகரம் தொடங்கிய பணி அன்றும் பயன்பட்டதற்குக் காரணம், அக்கருவியின் எளிமையும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த பராமரிப்புமே. வானலைக் கருவி தன் பேட்டரியையும் தொடர்பையும் தானே கண்காணித்துக்கொள்ளும். ஆனால் அழுத்தும் தகடு இறுகிப்போயிருக்கிறதா, பேனலில் பதிந்த இடப்பெயர் சரியா, ஹூட்டர் கடைசி அறை வரை கேட்கிறதா என்பவற்றை ஒரு மனிதர் சாவியோடு வந்து சோதித்தால் மட்டுமே அறிய முடியும். பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துவோர் இந்த வாராந்தரச் சோதனையைச் சடங்காகக் கருதாமல், தம் கட்டடத்தில் இருப்போருக்குச் செய்ய வேண்டிய முதற்கடமையாகக் கொள்ள வேண்டும்.