கடனாக வந்த ஆடை

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கண்டி நகரத் துணிக்கடைகளில் ஒரு காட்சியைக் காணலாம். கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ வந்த தோட்டத்துத் தாய் ஒருத்தி, மகனுக்கென எடுத்துக் காட்டிய சட்டையின் நிறத்தைப் பார்க்குமுன் துணியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பாள். உட்புறம் திருப்பித் தையலை நோக்குவாள். பின்னர், "இதவிட ஒரு அளவு பெருசா குடுங்க தம்பி" என்பாள். தனக்கென்று ஒன்றும் கேளாமலே கடையை விட்டு இறங்குவாள். இதனைச் சிக்கனம் என்று சொல்லி அமைதல் எளிது. ஆயினும் இப்பழக்கத்தின் வேர் நெடுந்தூரம் பின்னோக்கிச் செல்கிறது.

கண்டிச் சீமையில் 1820களில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டார். இத்தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியச் சமவெளியிலிருந்து வந்தவர்களின் மெல்லிய பருத்தி ஆடை, மலைக்குளிருக்கும் மழைக்கும் ஈடுகொடுக்கவில்லை. தோட்டம் அவர்களுக்குக் கம்பளி கொடுத்தது. ஆனால் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. அரிசியும் கம்பளியும் வழிச்செலவும் பற்றுக் கணக்கில் ஏறின. இன்ன தொகையைச் செலுத்தினால் இத்தொழிலாளரை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டே 'துண்டு' எனப்பட்டது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, உடலைப் போர்த்திய கம்பளியும் மனிதனைத் தோட்டத்தோடு பிணைத்த கடனில் ஒரு பங்காக இருந்தது.

கடனில் வந்த பொருளை எவரும் எளிதில் எறிவதில்லை. இரவில் போர்வையாக இருந்த கம்பளி, மழை நாளில் தலையிலிருந்து முதுகுவரை தொங்கும் கொங்காணி ஆயிற்று. பிள்ளைகளின் ஆடையும் இவ்வாறே பல பிறவி எடுத்தது. அண்ணன் சட்டை தம்பிக்கு வந்தது. அக்காள் பாவாடை, மடிப்புப் பிடித்துத் தைக்கப்பட்டுத் தங்கைக்கு வந்தது. லயத்துச் சிறுவர் பலருக்குப் புத்தாடை என்பது தீபாவளிக்கு மட்டும் வரும் விருந்தாளி.

தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதி முதல் அரசின் பொறுப்பில் வந்தன. 1993இல் நாடெங்கும் மாணவருக்கு இலவசச் சீருடைத் துணி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. ஒருவர் உடுத்துக் கழித்த சுவடும் இல்லாமல், பற்றுக் கணக்கில் ஏறாமலும் ஒரு வெள்ளைத் துணி அப்பிள்ளைகளின் கைக்கு வந்தது. தொகையால் அது சிறிது. ஆனால் தம் பெயரால் புதிய துணி பெறும் உரிமை ஒன்று உண்டென்பதை அது அவர்களுக்குக் காட்டிற்று.

அப்பிள்ளைகள் இன்று பெற்றோராகிக் கடைக்கு வருகின்றனர். தம் மக்கள் பழையதை உடுத்தலாகாது என்பது அவர்கள் உறுதி. எனினும் பழைய கைப்பழக்கம் மாறவில்லை. ஓரளவு பெரிய சட்டை அடுத்த ஆண்டுக்கும் ஆகும். அதன்பின் தம்பிக்கும் ஆகும். மேலும், தீபாவளி முற்பணமும் சம்பளத்தில் தவணை தவணையாகக் கழிக்கப்படுவதே. அத்தவணை முடியுமுன் சட்டை கிழிந்துவிடலாகாது. கடையில் நிற்கும் தாயின் விரல்கள் தேய்த்துத் தேடுவது அந்த உறுதியையே.