எல்லை தாண்டிய கார்கள்

1909 அக்டோபரில் பாரிஸில் கூடிய ஐரோப்பிய நாடுகள் கார் பயணத்துக்குப் பொது விதி வகுத்தன. ஓட்டுபவருக்குக் குறைந்தது 18 வயது, ஓராண்டு செல்லும் பயணச் சான்று, காரின் பின்னால் நாட்டின் எழுத்து பொறித்த நீள்வட்டப் பலகை.

1926-இல் வண்டிக்கும் ஓட்டுநருக்கும் சான்றுகள் பிரிந்தன. இன்றைய சர்வதேச ஓட்டுநர் அனுமதி அப்படிப் பிறந்தது.

1949-இன் ஜெனீவா உடன்படிக்கை அதை உலகெங்கும் பரப்பியது. ஓராண்டுக் கெடு நீடித்தது. 1968-இன் வியன்னா உடன்படிக்கையில் அது மூன்றாண்டு வரை நீண்டது. எனவே புறப்படுமுன், போகும் நாடு எந்த உடன்படிக்கையைப் பின்பற்றுகிறது என்று விசாரிப்பது அவசியம். இந்தியாவில் இந்த அனுமதியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்குகிறது; சொந்த நாட்டு உரிமமும் கூடவே இருக்க வேண்டும்.

நீள்வட்டப் பலகையும் மறையவில்லை. 2021 செப்டம்பர் 28 முதல் பிரிட்டன் கார்கள் 'ஜிபி'க்குப் பதில் 'யூகே' என்ற எழுத்துகளோடு அயல்நாடு செல்கின்றன.