அழிக்கப்பட்ட புள்ளிக்கோடு

கிராண்ட்பாஸ் நெட் கஃபேகளில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பாவித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: ஒரு லிங்கைக் கிளிக் பண்ணினால் அதைச் சுற்றி மெல்லிய புள்ளிக்கோடு வரும். ஃபயர்ஃபொக்ஸிலும் புள்ளிக்கோடுதான். சஃபாரியில் நீல வளையம். பக்கம் ஒன்று, பிரவுசருக்கு ஒரு கோலம். ஏன் இந்தக் குழப்பம்?

அந்தக் கோடு அழகுக்கு வந்ததில்லை. மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் டேப் விசையை அழுத்தி அழுத்தித்தான் லிங்க் விட்டு லிங்க் போகிறார்கள். இப்ப எந்த லிங்கில் நிற்கிறோம் என்று அவர்களுக்குக் காட்டுவது அந்தக் கோடுதான். 1998இல் வந்த சிஎஸ்எஸ் 2, கோட்டை மாற்றவும் நீக்கவும் டிசைனர்களுக்கு வழி கொடுத்தது. எப்படித் தெரிய வேண்டும், எப்போது தெரிய வேண்டும் என்பதையோ பிரவுசர் செய்பவர்களிடமே விட்டுவிட்டது. குழப்பத்தின் வேர் அங்கேதான்.

மவுஸால் கிளிக் பண்ணினாலும் கோடு வந்தது டிசைனர்களுக்கு எரிச்சல். 2007இல் எரிக் மேயர் வெளியிட்ட 'ரீசெட்' கோப்பு, கோட்டைப் பூச்சியமாக்கியது. பதிலுக்கு வேறொன்றை வரைய மறக்க வேண்டாம் என்ற குறிப்பும் அதிலேயே இருந்தது. கொப்பி பண்ணிய பலர் கோட்டை அழித்தார்கள், குறிப்பை விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷமே டபிள்யூ3சியின் அணுகல் வழிகாட்டி, கீபோர்டில் நகர்பவருக்குத் தான் நிற்கும் இடம் தெரிய வேண்டும் என்றது. சும்மா சொன்னால் யார் கேட்பது?

கடைசியில் வந்த தீர்வு 'ஃபோகஸ்-விசிபிள்'. கீபோர்டால் வந்தால் கோட்டைக் காட்டு, மவுஸால் லிங்கைக் கிளிக் பண்ணினால் மறை என்பதே அதன் சாரம். குரோமுக்கு 2020இல் வந்தது, ஃபயர்ஃபொக்ஸுக்கு 2021இல், சஃபாரிக்கு 2022இல். சஃபாரிக்கான வேலையை இகாலியா என்ற ஸ்பானிய நிறுவனம், பொதுமக்களிடம் காசு சேர்த்துச் செய்தது. 1998இலிருந்து எண்ணினால் 24 வருஷம்! ஒரு கோட்டுக்கு!

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இணையத்தை எல்லாரும் அணுகக் கூடியதாக்குவதும் அதில் அடக்கம். அப்படியென்றால் இந்தக் கோடு டிசைனரின் ரசனை விஷயம் இல்லை, உரிமை விஷயம்.

நாங்கள் படிக்கிற, விண்ணப்பம் போடுகிற தளங்களில் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப்பை மட்டும் அழுத்திப் பார்ப்போம். நிற்கிற இடம் தெரியவில்லையா? அந்தத் தளத்தை நடத்துபவர்களுக்கு எழுதுவோம். பெரும்பாலும் அவர்கள் திருத்த வேண்டியது ஒரேயொரு வரி.