சாலைச் சந்திப்பு வடிவத் தேர்வு: போடி மலைச்சரிவு முதல் கத்திப்பாரா வரை

இரண்டு சாலைகள் சந்திக்கும் இடத்தில், அல்லது ஒரு சாலை மலையைச் சந்திக்கும் இடத்தில், பாதை எந்த வடிவத்தில் அமைய வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் வேகம், நிலம், சரிவு, போக்குவரத்தின் அளவு, செலவு ஆகியவற்றை எடைபோட்டு முடிவு செய்கிறார்கள். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேற்கே ஏலமலையாக எழும் சரிவு இதைப் படிக்க நல்ல இடம். ஒரே மலைமுகத்தில், வெவ்வேறு காலங்களில், குரங்கணிப் பக்கம் கம்பிவடமும் போடிமெட்டுப் பக்கம் கொண்டை ஊசி வளைவுச் சாலையும் அமைந்தன. பெருநகரங்களில் காணும் பல அடுக்குப் பரிமாற்றச் சந்திப்பு எதுவும் இங்கே இல்லை. ஆனாலும் சென்னை கத்திப்பாராவின் சுற்றுப் பாதைகளையும் போடிமெட்டின் வளைவுகளையும் தீர்மானிப்பது ஒரே கணக்குதான்.

வளைவின் கணக்கு

வளைவில் திரும்பும் வண்டி வெளிப்புறமாகத் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளுதலைத் தாங்குபவை இரண்டு: டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு, சாலையின் வெளிவிளிம்பை உயர்த்திப் போடும் சாய்வு. இரண்டுக்கும் எல்லை உண்டு. எனவே ஒரு வேகத்துக்கு இவ்வளவு ஆரம் வேண்டும் என்பது இயற்பியல் விதிக்கும் கட்டாயம். வேகம் இரட்டித்தால் தேவைப்படும் ஆரம் நான்கு மடங்காகும். அந்த வட்டம் அடைக்கும் நிலம் பதினாறு மடங்காகும்.

எண்களில் சொன்னால், சமவெளியில் வழக்கமான 7 விழுக்காட்டுச் சாய்வுடன் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் திரும்புவதற்கு 57 மீட்டர் ஆரம் வேண்டும். அத்தகைய ஒரு முழு வட்டம் இரண்டரை ஏக்கரில் அடங்கும். அதே சாய்வில் 80 கி.மீ. வேகம் வேண்டுமென்றால் ஆரம் 230 மீட்டர், நிலம் 41 ஏக்கர். நெடுஞ்சாலைச் சந்திப்புகள் ஏன் ஒன்றுபோல் இல்லை என்ற கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது.

போடிமெட்டுச் சாலை

கொச்சியிலிருந்து மூணாறு, போடி, தேனி, மதுரை வழியாகத் தொண்டி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 85, போடிப் பக்கமிருந்து வரும்போது முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. போடிமெட்டு வரை ஏறத்தாழ 20 கி.மீ. தூரத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் உயரம் ஏறக்குறைய ஓராயிரம் மீட்டர். அதாவது 20 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் உயர்வு, 5 விழுக்காடு. மலைப்பகுதிச் சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ள வழக்கமான ஏற்றமும் 5 விழுக்காடே. பாரம் ஏற்றிய லாரி எஞ்சின் திணறாமல் ஏறவும், இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகாதிருக்கவும் இந்த அளவு வேண்டும்.

மலையடிவாரத்திலிருந்து உச்சிக்கு நேர்க்கோட்டில் 20 கி.மீ. தூரம் கிடையாது. ஆகவே அந்த நீளத்தைச் சரிவுமுகத்திலேயே முன்னும் பின்னுமாக மடித்துப் போடுகிறார்கள். மடிப்பு விழும் இடமே கொண்டை ஊசி வளைவு. அங்கே வேகத்தை மணிக்கு 20 கி.மீ. ஆகக் குறைத்துவிட்டால் உள்ஆரம் 14 மீட்டர் போதும் என்பது விதி. வேகத்தை விட்டுக்கொடுத்து நிலத்தை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு இது. மலையில் அதிகமாக வெட்டினால் மழைக்காலத்தில் சரிந்து விழும் என்பதால், வேகத்தை இழப்பதே அங்கே மலிவும் பத்திரமும்.

இந்த வளைவு ஒன்றில் இறங்கி நின்று பார்த்தால் வடிவமைப்பின் நுணுக்கம் தெரியும். ஏறிவரும் பேருந்து முன்சக்கரத்தை வெளிவிளிம்பு வரை கொண்டுபோய்த் திருப்புகிறது. பின்சக்கரம் அதே தடத்தில் வராமல் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வருகிறது. அதனால்தான் இருவழித் தேசிய நெடுஞ்சாலையில் வளைவு உச்சியின் அகலம் குறைந்தது 11.5 மீட்டர் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். வளைவுக்குள் ஏற்றமும் 40-க்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. வண்டி திரும்பும் நேரத்தில் ஏறவும் வேண்டியிருந்தால் எஞ்சின் இழுக்காது. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே குறைந்தது 60 மீட்டர் வேண்டும். இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதும் இந்த வடிவத்தின் ஒரு பகுதியே. ஓட்டுநரின் பொறுமையையும் கணக்கில் சேர்த்துத்தான் சாலை போடப்பட்டிருக்கிறது.

விடியற்காலையில் போடியிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் இந்தச் சாலையை நம்பியே ஓடுகின்றன. பெரும்பாலும் பெண்கள். வடகிழக்குப் பருவமழையில் பாறை உருண்டு சாலை மறிக்கப்பட்டால் அவர்களுக்கு அன்றைய கூலி இல்லை. மேலே மூணாறுக்கும் போடிமெட்டுக்கும் இடையே சாலையை அகலப்படுத்தியபோது, கேப் ரோடு பகுதியில் 2019, 2020 ஆண்டுகளில் பெரிய மண்சரிவுகள் ஏற்பட்டன. மலையில் அகலத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை எவ்வளவு என்பதை அந்தச் சரிவுகள் காட்டின.

குரங்கணிப் பக்கம்: கம்பிவடம்

போடிமெட்டுச் சாலைக்கு வடக்கே, கொட்டக்குடி ஆற்றுப் பள்ளத்தாக்கில் குரங்கணி இருக்கிறது. அதற்கு மேலே மலைவிளிம்பில் டாப் ஸ்டேஷன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணன் தேவன் மலைத் தேயிலையைச் சமவெளிக்கு இறக்க வேண்டியிருந்தபோது இங்கே சாலை போடவில்லை. 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். பாரத்தின் பெரும்பகுதி தண்டவாளத்தின் மேல் ஓடும் சக்கரத்தில் நிற்கும், பக்கவாட்டில் ஒரு சக்கரம் தரையில் உருண்டு சமநிலை தரும், காளைகள் இழுக்கும். 1908-இல் அது நீக்கப்பட்டு இரண்டடி அகலத் தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் ஓடியது.

டாப் ஸ்டேஷனில் ரயில் நின்றுவிடும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் சுமார் 5 கி.மீ. நீளக் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டக்குடிக்கு இறங்கின. பிறகு மாட்டுவண்டியில் 15 கி.மீ. பயணம், போடி. ரயிலிலிருந்து வடத்துக்கு, வடத்திலிருந்து வண்டிக்கு என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இருந்தும் இது சரியான தேர்வே. கம்பிவடத்துக்கு 5 விழுக்காட்டு விதி இல்லை. தூண் நிற்க இடம் கிடைத்தால் போதும். சரிவை வெட்ட வேண்டியதில்லை. சரக்கு ஒரே வகை, திசையும் முக்கியமாக ஒன்றே, கீழ்நோக்கி. அத்தகைய சுமைக்குச் சாலையைக் காட்டிலும் வடம் குறுகிய வழி.

1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம், கேரளத்தில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் பேசப்படுவது, அந்த ரயில் பாதையை அடித்துச் சென்றது. மறுபடி கட்டவில்லை. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்ததே 1928-இல்தான். கம்பிவடத்தோடு வளர்ந்த டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் சரிவில் ஊர்ப்பெயர்களாக நிலைத்தன.

சமவெளிச் சந்திப்புகள்

சரிவு இல்லாத இடத்தில் நெருக்கடி வேறு: எதிரெதிர்த் திசைகளில் செல்லும் வண்டிகள் ஒன்றையொன்று வெட்டாமல் திரும்ப வேண்டும். மிக எளிய விடை வைர வடிவம். மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை, நான்கு சாய்தளங்கள், சிறிய சாலையில் சிக்னல். நிலம் குறைவு, செலவு குறைவு. குறுக்கே போகும் சாலையில் வண்டிகள் குறைவாக இருக்கும் வரை இது போதும்.

இரண்டு சாலைகளுமே நெரிசலானவை என்றால் நான்கிலை வடிவம். அமெரிக்காவில் ஆர்தர் ஹேல் 1916-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1929-இல் நியூஜெர்சியின் உட்பிரிட்ஜில் கட்டப்பட்டது. நம்மூரில் பலரும் அறிந்தது, 2008-இல் திறக்கப்பட்ட கத்திப்பாரா. ஜி.எஸ்.டி. சாலையும் உள்வட்டச் சாலையும் பூந்தமல்லிச் சாலையும் அங்கே கூடுகின்றன. வலப்பக்கம் போக வேண்டியவர் வலப்பக்கம் திரும்புவதில்லை. பாலத்தைத் தாண்டிப் போய், இடப்பக்கமாக முக்கால் வட்டம் சுற்றி வந்து சேர்கிறார். புதிதாக வருபவரைக் குழப்பும் இந்தச் சுற்றுதான் சிக்னலே இல்லாமல் செய்கிறது.

இதன் குறை, ஒரு சுற்றிலிருந்து வெளியே வருபவரும் அடுத்த சுற்றுக்குள் நுழைபவரும் ஒரே குறுகிய தடத்தில் ஒருவரையொருவர் குறுக்கே கடக்க வேண்டியிருப்பது. வண்டிகள் பெருகும்போது அடைப்பு அங்கேதான் தொடங்குகிறது. சுற்றை அகலமாக்கலாம் என்றால், மேலே சொன்ன பதினாறு மடங்கு நிலக் கணக்கு குறுக்கே நிற்கும். அப்போது பொறியாளர் நிலத்தில் விரியாமல் உயரத்தில் அடுக்குகிறார். லாஸ் ஏஞ்சலஸில் 1953-இல் முழுப் பயன்பாட்டுக்கு வந்த நான்கடுக்குச் சந்திப்பு இதற்கு முன்னோடி. சுற்றுக்குள் அடைபடும் நிலத்தை வீணாக விடவும் வேண்டியதில்லை. கத்திப்பாராவின் அடியில் 2021-இல் பொதுச் சதுக்கம் திறக்கப்பட்டிருக்கிறது.

சுங்கச் சாலைகளில் எக்காள வடிவம் அதிகம். எல்லாச் சாய்தளங்களையும் ஒரே இடத்தில் குவித்து, ஒரே சாவடியில் கட்டணம் வாங்க அது தோது.

டாப் ஸ்டேஷனுக்குச் சாலை

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை வேண்டும் என்பது இப்பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை. மலைக்கிராமங்கள் சிலவற்றுக்கு இன்றும் சுமை ஏற்ற குதிரையும் கோவேறு கழுதையுமே துணை. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தும், ஜீப் போகும் வழி கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதையில்லாத சரிவில் காயம்பட்டோரை ஊர்மக்களும் மீட்புக் குழுவினரும் தூக்கிச் சுமந்தே இறக்கினார்கள். சாலை கேட்பவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் காப்புக்காடும் சோலையும், பெருமழைக்குச் சரியக்கூடிய மண்ணும் இருக்கின்றன. சுற்றுலா வாகனங்களுக்காக அகலமான இருவழிச் சாலை என்றால் ஒவ்வொரு வளைவிலும் 11.5 மீட்டர் அகலத்துக்குச் சரிவை வெட்ட வேண்டும். கேப் ரோட்டில் நடந்தது இங்கும் நடக்கலாம். ஆம்புலன்ஸும் ரேஷன் வண்டியும் விளைபொருளும் போய்வர 3.75 மீட்டர் அகல ஒற்றைத் தடமும், எதிர்வரும் வண்டிக்கு ஆங்காங்கே ஒதுங்கும் இடமும் போதும். அதற்கு வெட்டும் குறைவு, வேகமும் 20 கி.மீ.க்குள் நிற்கும். சுமைக்குக் கம்பிவடம் இதே மலையில் ஏற்கெனவே வேலை செய்து காட்டியிருக்கிறது. யாருக்காக, நாளொன்றுக்கு எத்தனை வண்டிக்காக என்று முதலில் கணக்கிட்டுவிட்டு அதன் பிறகே சாலையின் அகலத்தை முடிவு செய்வதுதான் குரங்கணிக்கு முறை.