நீள்பணிப் பதக்கமும் கைரேகைப் பதிவேடும்: அபிராமம் வட்டாரக் காவல் வரலாற்றுச் சான்றுகள்

ஆய்வுச் சுருக்கம்

காவல்துறைப் பதக்கங்கள் பெரும்பாலும் சேகரிப்பாளர்களின் ஆர்வப் பொருளாகவே கருதப்பட்டு வந்துள்ளன. அவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது, யாருக்குப் பதக்கம் கிடைத்தது என்பதோடு, யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதும் வினாவாகிறது. இராமநாதபுரம் மாவட்டத்து அபிராமம் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு அவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னுரை

கமுதி வட்டத்தில் அமைந்த அபிராமம், முன்னர் முதுகுளத்தூர் வட்டத்தைச் சார்ந்திருந்தது. வானம் பார்த்த நிலமும் கண்மாய்ப் பாசனமும் கொண்ட இப்பகுதியில், ஊர்க்காவலும் திசைக்காவலும் நெடுங்காலம் பரம்பரை உரிமைகளாக விளங்கின. காவலுக்கு ஈடாக ஊரார் விளைச்சலில் ஒரு பங்கை அளித்தனர். கும்பினி ஆட்சி இவ்வுரிமையைப் படிப்படியாகப் பறித்தது. 1859ஆம் ஆண்டுச் சென்னைக் காவல் சட்டம் ஊதியம் பெறும் மாகாணக் காவல்படையை உருவாக்கியது. காவல், ஊர் வழங்கிய உரிமை என்ற நிலையிலிருந்து அரசு வழங்கிய வேலை என்ற நிலைக்கு மாறியது. இம்மாற்றத்திற்குப் பின்னரே, பணிக்காலத்தை ஆண்டுக் கணக்கில் அளந்து மதிப்பிடும் முறைக்கு இடம் ஏற்பட்டது.

பதக்கங்களின் வகைமை

ஏழாம் எட்வர்டு 1909ஆம் ஆண்டு ஜூலையில் அரசர் காவல் பதக்கத்தை நிறுவினார். வீரச்செயலும் தனிச்சிறப்பான பணியும் அதற்குரிய தகுதிகளாயின. நீண்ட காலப் பணியும் கருத்தில் கொள்ளப்பட்டது. ஆயினும் அது மிக அரிய திறமையோடு கூடியதாக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. 1932ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியக் காவல் பதக்கம் நிறுவப்பட்டது. வெண்கலத்தாலான இப்பதக்கமும் ஆண்டுகளை மட்டும் எண்ணி வழங்கப்பட்டதன்று.

ஆண்டுகளை எண்ணி வழங்கும் பதக்கம் கடல் கடந்த காலனிகளில் இருந்தது. இலங்கையில் 1925இல் காவல் நீள்பணிப் பதக்கம் தோன்றியது. அதன் பின்புறத்தில் யானை உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. 1934ஆம் ஆண்டு மார்ச்சில் காலனிக் காவல் நீள்பணிப் பதக்கம் நிறுவப்பட்டு, 18 ஆண்டுகள் குறையின்றிப் பணியாற்றியோர்க்கு வழங்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 1950இல் இலங்கை மீண்டும் தனக்கென ஒரு நீள்பணிப் பதக்கத்தை அமைத்துக்கொண்டது. இங்கிலாந்துக் காவலர்களுக்கான நீள்பணிப் பதக்கமோ 1951இல்தான் வந்தது. இந்தியா காலனி அமைச்சகத்தின் கீழ் வராமல் தனி அமைச்சகத்தின் கீழ் இருந்தமையால், காலனிப் பதக்கம் இந்நாட்டுக் காவலரைச் சேரவில்லை.

இதனால் விளைந்த முரண் நோக்கத்தக்கது. பாக் நீரிணைக்கு அப்பால் கொழும்பில் 18 ஆண்டுகள் குறையின்றிப் பணியாற்றிய காவலர் வெள்ளிப் பதக்கத்திற்கு உரியவரானார். இப்பால், அபிராமம் போன்ற ஊரில் அதே காலம் அதே ஒழுங்கோடு பணியாற்றிய கான்ஸ்டபிள், பணிப்பதிவேட்டில் சில நற்பணிக் குறிப்புகளோடு ஓய்வு பெற்றார். எனவே பதக்கம் இன்மையைத் தகுதி இன்மையாகக் கொள்ளுதல் பிழையாகும். கடைநிலைக் காவலரின் வாழ்வை எழுத முனைவோர், பதக்கப் பட்டியல்களைவிடப் பணிப்பதிவேடுகளையும் ஓய்வூதிய ஆவணங்களையுமே முதன்மையாகக் கொள்ள வேண்டும்.

விளிம்பெழுத்தும் ஆவணமும்

பதக்க ஆய்வின் முதற்சான்று அதன் விளிம்பாகும். பெறுநரின் பெயர், பதவி, படைப்பிரிவு ஆகியன அங்குப் பொறிக்கப்படுவது வழக்கம். விளிம்பெழுத்தை அராவி நீக்கி வேறு பெயர் பொறித்த பதக்கங்களும் சந்தையில் உலவுகின்றன. அராவப்பட்ட பதக்கத்தின் விட்டம் குறைந்திருக்கும். ஆதலின் அளவெடுத்தல் ஆய்வின் முதற்படியாகிறது. மன்னரின் உருவமும் பட்டப்பெயரும் காலத்தைக் கணிக்க உதவுகின்றன. ஆறாம் ஜார்ஜின் பெயரோடு இந்தியப் பேரரசர் என்ற பட்டம் காணப்பட்டால், அவ்வார்ப்பு விடுதலைக்கு முந்தைய வடிவத்தைச் சார்ந்ததாகும்.

தமிழ்ப் பெயர்களைப் பொறுத்தவரை தனிச்சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தில் லகர ளகரங்களும் ரகர றகரங்களும் வேறுபாடிழக்கின்றன. ‘கருப்பன்’, ‘கறுப்பன்’ என்னும் இருவரும் விளிம்பில் ஒருவராகிவிடுவர். தந்தை பெயரும் ஊர்ப்பெயரும் விடுபட்டிருப்பின், பதவியையும் படைப்பிரிவையும் கொண்டே ஆளை அடையாளம் காணவேண்டும். அரசிதழ் அறிவிப்பு, சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் அரசாணைகள், குடும்பத்தார் வைத்திருக்கும் சான்றிதழ் ஆகிய மூன்றும் பொருந்தினாலன்றி அடையாளம் உறுதியாகாது. மாவட்ட எல்லைகளின் வரலாறும் தேடலைப் பாதிக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1985இல் மூன்றாகப் பிரிந்தது. ஆகவே 1910க்கு முந்தைய காவலரை மதுரை, திருநெல்வேலி ஆவணங்களில் தேடுதல் வேண்டும்.

பதக்கத்தின் மறுபக்கம்

பதக்கத்திற்கான பரிந்துரையை எழுதுவோர் மேலதிகாரிகள். குற்றத் தடுப்பு, ஒழுங்கு நிலைநாட்டல் ஆகிய சொற்கள் அவற்றின் பொதுவழக்காகும். இச்சொற்கள் அபிராமம் வட்டாரத்தில் எதனைச் சுட்டின என்பதைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வரலாற்றோடு இணைத்தே உணர இயலும்.

1911ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்திலும் செயலுக்கு வந்தது. குறிப்பிட்ட சமூகத்தார் பிறப்பாலேயே ஐயத்திற்குரியவராகப் பதிவு செய்யப்பட்டனர், கைரேகை எடுக்கப்பட்டது, குறித்த நேரத்தில் காவலர் முன் வருகை தரவும், ஊரைவிட்டு வெளியேறுமுன் அறிவிக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். மக்கள் வழக்கில் இது ‘கைரேகைச் சட்டம்’ எனப்பட்டது. மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று இச்சட்டத்தை எதிர்த்தோர்மீது துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது. 1920களின் இறுதியில் ஆப்பநாட்டு மறவர்மீது இச்சட்டம் ஏவப்பட்டபோது எதிர்ப்பு வலுத்தது. 1934இல் முத்துராமலிங்கத் தேவரின் முயற்சியால் அபிராமத்தில் கூடிய மாநாடு, சட்டத்தை நீக்குமாறு வலியுறுத்தியதோடு அதற்கெனக் குழுவையும் அமைத்தது.

காலனிக் காவலரின் நீண்ட பணியைப் பாராட்டப் பதக்கம் நிறுவப்பட்ட அதே 1934இல், காவலரின் அன்றாடப் பணியாகிய கைரேகைப் பதிவுக்கு எதிராக அபிராமம் மாநாடு கூடியது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும், ஒரே காவல்பணியை ஆட்சியும் ஆளப்பட்டோரும் எவ்வாறு மதிப்பிட்டனர் என்பதை இவை அருகருகே வைத்துக் காட்டுகின்றன. சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டது. அக்காலத்துப் பதக்கப் பரிந்துரையைக் கைரேகைப் பதிவேட்டுடனும் ஊரார் வாய்மொழியுடனும் ஒப்பிடாத ஆய்வு ஒருபக்கச் சார்புடையதாகவே அமையும். அதேவேளை, இச்சட்டத்தை இயற்றியவர் கடைநிலைக் காவலர் அல்லர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

விடுதலைக்குப் பின்

1951 மார்ச் 1 அன்று குடியரசுத் தலைவர் காவல் பதக்கமும் காவல் பதக்கமும் நிறுவப்பட்டன. மன்னர் உருவம் நீங்கியது. எனினும் நீண்ட பணி தனித்திறமையோடு கூடியிருத்தல் வேண்டும் என்ற பழைய நிபந்தனையின் தடம் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் பொங்கலையொட்டி அறிவிக்கப்படும் முதலமைச்சரின் காவல் பதக்கம், காவலர் முதல் தலைமைக் காவலர் வரையிலான நிலையினரை உள்ளடக்குவதால் குறிப்பிடத்தக்கது. அண்மை ஆண்டுகளில் காவல்துறையினர் 3000 பேர் இதனைப் பெறுகின்றனர். பதக்கத்தோடு மாதந்தோறும் பதக்கப்படியும் வழங்கப்படுகிறது. காலனிய ஆட்சி கண்டுகொள்ளாத கடைநிலைப் பணி இங்கு ஓரளவு ஏற்பு பெறுகிறது.

முடிவுரை

பதக்கம் குடும்பத்தை விட்டு விலகி விற்பனைக்கு வரும்போது, அதனோடு இருந்த சான்றிதழும் புகைப்படமும் பிரிந்துவிடுகின்றன. வெள்ளிப் பதக்கம் உருக்கப்படும் அபாயமும் உண்டு. நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களை உரிமமின்றி அயல்நாட்டிற்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. அரசர் காவல் பதக்கத்தின் தொடக்கக்கால வழங்கல்கள் இன்று அவ்வரம்பை எட்டிவிட்டன. சேகரிப்போர் விளிம்பெழுத்தையும், அளவையும், பொருள் கிடைத்த ஊரையும் பதிவு செய்தல் இன்றியமையாதது. கல்லூரி வரலாற்றுத் துறைகள் ஓய்வுபெற்ற காவலர் குடும்பங்களின் ஆவணங்களையும், கைரேகைச் சட்டத்திற்கு ஆளான குடும்பங்களின் நினைவுகளையும் ஒருசேரத் தொகுத்தால், அபிராமம் போன்ற ஊர்களின் காவல் வரலாறு இருபக்கச் சான்றுகளோடு எழுதப்படும். பதக்கம் அவ்வரலாற்றின் ஒரு சான்றே, தீர்ப்பன்று.